வால்வும் ஸ்பீக்கரும்

மாம்பலத்தில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். பாங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்குப் பாட்டுக் கேட்கப் போகிறவர்கள் முதல் இருபது நிமிஷம் பாட்டுக் கேட்க முடியாது. வால்வு சூடாக வேண்டும். அது வரையில் ஊர் விவகாரம் பேசலாம்; காபி சாப்பிடலாம்; மேஜைமேல் இருக்கும் கறுப்புப் பெட்டியில் நான்கு கண்ணாடிக் குழாய்கள் மெள்ளச் சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். "பார்த்தீர்களா ஸார், உயிர் வருகிறது" என்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றும். சின்ன வயசில் எங்கள் வீட்டு ரேடியோவும் இப்படித்தான் உயிர் பெறும். குமிழைத் திருப்பி வெகு நேரம் கழித்து, கிணற்றுக்குள்ளிருந்து ஒருவர் படி ஏறி வருவதுபோலச் செய்தி வாசிப்பவரின் குரல் மேலே வரும்.

அந்த ஞாபகத்தை விலை கொடுத்து வாங்க முடியும் என்று நான் எண்ணியதில்லை. போன வருஷம் வாங்கிவிட்டேன். அதனால் எனக்குச் சில அபிப்பிராயங்கள் ஏற்பட்டிருக்கின்றன. விஷயம் தெரிந்த இஞ்சினீயர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் போகட்டும். காது எல்லோருக்கும் இரண்டுதான்.

வாங்கிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்கா பாடுவாள். கச்சேரி செய்ததில்லை, கொலுவுக்கும் கல்யாணத்துக்கும் பாடுகிறவள்தான். 1971-ம் வருஷம் நவராத்திரியின்போது, பக்கத்து வீட்டுக்காரர் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்திருந்த ஸ்பூல் டேப் ரிக்கார்டரை ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்கி, அவள் பாடியதைப் பதிவு செய்தோம். அரை மணி நேரம் மோகனம். எதிர் வீட்டு மாமி தம்புரா போட்டாள். அக்காவின் வாத்தியார் பிள்ளை பிடில். அவ்வளவுதான். அக்கா 1979-ல் காலமானாள். அப்போது அவள் பெண்ணுக்கு நாலு வயசு. டேப் என்னுடைய டிரங்குப் பெட்டியில் கிடந்து பூசணம் பூத்தது. போன வருஷம் கைதேர்ந்த ஒருவர் அதைத் துடைத்துச் சுத்தம் செய்து கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தார். அக்கா பெண்ணுக்குச் சொன்னேன். "மாமா, அம்மா குரல் எனக்கு ஞாபகமே இல்லை. நல்ல பெட்டியாப் பார்த்து அதில் போட்டுக் கேட்கணும்" என்றாள்.

நல்ல பெட்டி என்றால் எது? இந்தக் கேள்வியோடு நான் ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். குளிரூட்டிய அறை, மெத்தென்ற சோபா, ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், அவற்றுக்கு நடுவில் சந்நிதிபோல ஒரு வால்வு ப்ரீஆம்ப். கடைக்காரர் முதலில் சாதாரண டிரான்ஸிஸ்டர் ப்ரீஆம்ப் ஒன்றை வைத்து ஒரு பெண் குரலைப் போட்டார். பிறகு அதே பாட்டை வால்வு வழியாகப் போட்டார். ஆகா! குரல் பூத்தது, அறை நிறைந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, பெரிய ஸ்பீக்கர்களையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டாவது தடவை அவர் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தார் என்பது மாம்பலத்துச் சிநேகிதர் சொல்லித்தான் எனக்குப் பிற்பாடு விளங்கிற்று. ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டு, ஒரு தடவை ஒரு டெசிபல் அளவு கூட்டி வைத்தால், கூட்டி வைத்தது என்று காதுக்குத் தெரியாது. 'இது நயமாக இருக்கிறது' என்றுதான் தெரியும். மனிதக் காதின் பலவீனம் இது. வியாபாரத்தில் பாதி இதன்மேல் நடக்கிறது.

ப்ரீஆம்ப் என்பது என்ன? முன்பெருக்கி என்று தமிழில் சொல்லலாம், யாரும் சொல்வதில்லை. கிராமபோன் தட்டின் காலத்தில் அதற்கு மெய்யாகவே வேலை இருந்தது. தட்டில் ஓடும் ஊசி கொடுக்கும் மின்சாரம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஐந்து பங்கு இருந்தால் அதிகம். ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய ஆம்ப்ளிபயருக்கோ ஒரு வோல்ட்டாவது வேண்டும். இருநூறு மடங்கு பெருக்கியாக வேண்டும். அது மட்டும் இல்லை. தட்டு வெட்டும்போது கீழ் ஒலிகளைக் குறைத்து, மேல் ஒலிகளைத் தூக்கி வெட்டுவார்கள். கீழ் ஒலிகளை உள்ளது உள்ளபடி வெட்டினால் வரிகள் அகன்று, தட்டில் இடம் போதாமற் போய்விடும். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதில் 1954 வரைக்கும் கம்பெனிக்கு ஒரு வழக்கம். அந்த வருஷந்தான் அமெரிக்காவில் ஒரு பொதுக் கணக்குக்கு வந்தார்கள். அதைத்தான் ஆர்.ஐ.ஏ.ஏ. என்கிறார்கள். அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டு, குறைத்ததைக் கூட்டி, கூட்டியதைக் குறைத்துத் தருவது ப்ரீஆம்பின் பொறுப்பு. அடிமட்ட ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் நடுவில் அது செய்ய வேண்டிய திருத்தம் ஏறக்குறைய நூறு மடங்கு. சாமானிய வேலையா?

இப்போது கம்ப்யூட்டரிலிருந்தும் ஸி.டி.யிலிருந்தும் வருவது 2 வோல்ட். பெருக்குவதற்கு ஒன்றுமில்லை, குறைக்கத்தான் வேண்டும். திருத்தவும் ஒன்றுமில்லை. ஆகவே, தட்டுக் கேட்காத வீட்டில் ப்ரீஆம்ப் என்பது வேலை போன பிறகும் சம்பளம் வாங்கிக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும் பழைய காரியஸ்தர். அவரை எதற்காக வைத்துக்கொண்டிருக்கிறோம்? "அவர் இருந்தால் வீடு களையாக இருக்கிறது" என்பார்கள். வால்வைப் பற்றி ரஸிகர்கள் சொல்வதும் அதுவேதான். களை. இதம். வெதுவெதுப்பு.

இந்த இதம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். என் பெட்டியில் இருப்பது 12ஏஎக்ஸ்7 என்ற வால்வு. ஐரோப்பியப் பெயர் ஈசிசி83. கட்டைவிரல் பருமன்; அதற்குள் இரட்டைக் குழந்தைகள்போல இரண்டு வால்வுகள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சில வருஷங்களில் பிறந்தது. ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் இன்னும் செய்கிறார்கள். நம் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸிலும் ஒரு காலத்தில் வால்வு செய்தார்கள். அந்தப் பழைய சரக்கைத் தேடி அலைகிற பக்தர்கள் உண்டு. இந்த வால்வைச் சிக்கனமாக, திருத்தும் சுற்று ஒன்றும் இல்லாமல் ஓட்டினால், அது உள்ளே வந்த ஸ்வரத்தோடு கூடவே அதன் மேல் ஸ்தாயி ஸ்வரத்தையும் துளி சேர்த்து வெளியே விடும். ஷட்ஜம் போனால் ஷட்ஜமும் மேல் ஷட்ஜமும் வரும். இஞ்சினீயர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் கோளாறு. சங்கீதக்காரன் காதில் அது சேர்க்கை.

நம்மவர்களுக்கு இது புதிதல்ல. தம்புராவின் குதிரைமேல் ஜீவாளி என்று ஒரு நூல் வைக்கிறோமே, அது எதற்கு? தந்தி குதிரையின் வளைவைத் தொட்டுத் தொட்டு விலகி, அடி ஸ்வரத்தோடு மேல் ஷட்ஜம், மேல் பஞ்சமம், அதற்கும் மேலே அந்தர காந்தாரம் எல்லாம் ரீங்காரமிட வேண்டும் என்பதற்காகத்தான். ஸி. வி. ராமன் 1921-ல் வீணையையும் தம்புராவையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தந்தியை எந்த இடத்தில் மீட்டினால் எந்த மேல் ஒலி வரக்கூடாது என்று ஐரோப்பிய சாஸ்திரம் விதித்திருந்ததோ, அந்த ஒலியும் நம் வாத்தியங்களில் வருகிறது என்று அவர் காட்டினார். அவ்வளவும் அந்தக் குதிரை செய்கிற வேலை. அதை யாரும் கோளாறு என்று சொல்லவில்லை.

ஆனால் தம்புரா வாத்தியம். அது சேர்க்கலாம். சேர்த்தது அதன் நாதம். கேட்கிற பெட்டி சேர்க்கலாமா என்பதுதான் என் கேள்வி. தம்புரா போட்ட மாமி ஒரு தடவை ஜீவாளி வைத்தாயிற்று. அதற்கு மேல் என் வரவேற்பறையில் இன்னொரு ஜீவாளி எதற்கு?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஒரே ஸ்வரம் போகும் வரையில் வால்வு மேல் ஸ்தாயியோடு நிறுத்திக்கொள்ளும். இரண்டு ஸ்வரம் சேர்ந்து போனால் இரண்டையும் கூட்டி மூன்றாவது ஒன்றையும் உண்டாக்கும். என் அக்காவுக்கு 5 கட்டை சுருதி. ஷட்ஜம் விநாடிக்கு 196 அதிர்வு. மோகனத்தின் ரிஷபம் சதுச்ருதி; எட்டுக்கு ஒன்பது என்ற கணக்கில் 220½. பின்னால் தம்புரா ஷட்ஜத்தைச் சொல்ல, அக்கா ரிஷபத்தில் நிற்கிறாள் என்று வையுங்கள். கூட்டினால் 416½. மேல் ஷட்ஜம் 392. அதற்கு மேல் சுத்த ரிஷபம் 418. ஆக, யாரும் பாடாத ஒரு சுத்த ரிஷபம், கொஞ்சம் சுருதி குறைந்து, மோகனத்துக்குள் வந்து உட்காருகிறது! நன்றாகச் செய்த பெட்டியில் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது, காதுக்கு எட்டாது. 'இதம்' விற்பதற்கென்றே செய்த பெட்டியில் நூற்றில் ஒரு பங்கு வரையில் போவதுண்டு. அப்போதும் அபஸ்வரம் என்று தெரியாது. பிடிலும் குரலும் சேரும் இடத்தில் ஏதோ ஆவி படிந்தாற்போல இருக்கும். அவ்வளவுதான்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். வாக்கியத்துக்கு வாக்கியம் இனிமை சேர்ப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இளம் வயசில் நிறையச் சேர்த்திருக்கிறேன். தனியாக ஒரு வாக்கியத்தைப் படித்தால் பிரமாதமாக இருக்கும். இருபது வாக்கியம் சேர்ந்தால் யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது.

இதற்குப் பிறகு சிநேகிதரும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரீட்சை வைத்தோம். அவர் வோல்ட் மீட்டரோடு வந்தார். டிரான்ஸிஸ்டர் ப்ரீஆம்பையும் வால்வு ப்ரீஆம்பையும் ஒரே அளவு ஒலியில் நிறுத்தி, எது ஓடுகிறது என்று எனக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டார். பத்துத் தடவையில் ஆறு தடவை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அதுதான் கிடைத்திருக்கும். கடையில் பூத்த புஷ்பம் எங்கே போயிற்றோ! பிறகு ப்ரீஆம்பை மாற்றாமல் ஸ்பீக்கரை மாற்றினோம். அவர் காரில் சின்னதாக ஒரு ஜோடி கொண்டுவந்திருந்தார். இப்போது பத்துக்குப் பத்தும் சொன்னேன். அடுத்த அறையில் இருந்த என் மனைவியும் சொன்னாள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சுமாரான ப்ரீஆம்பின் கோளாறுகூட நூற்றில் ஒரு பங்குக்குள்தான் இருக்கும். ஸ்பீக்கரோ, கீழ் ஒலிகளை உரக்கப் பாடும்போது அதைச் சர்வ சாதாரணமாகத் தாண்டிவிடும். ஏற்ற இறக்கத்தைச் சொல்லவே வேண்டாம். ஒரு ஸ்வரத்தைத் தூக்கியும் அடுத்த ஸ்வரத்தை அமுக்கியும் பாடாத ஸ்பீக்கர் இன்னும் பிறக்கவில்லை. மின்சாரத்தைக் காற்றாக மாற்றுவது லேசான காரியமா? அமெரிக்காவில் ரைஸும் கெல்லாக்கும் 1925-ல் காகிதக் கூம்பின் பின்னால் கம்பிச் சுருளை ஒட்டி, காந்தத்துக்குள் ஆட விட்டார்கள். நூறு வருஷமாகியும் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் அந்தக் கூம்புதான். 1954-ல் வில்சர் என்பவர், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாக வைத்துச் சின்னப் பெட்டியிலும் கீழ் ஒலியை வரவழைத்தார். 1957-ல் இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் கூம்பே வேண்டாம் என்று, பல ஆயிரம் வோல்ட் ஏற்றிய மெல்லிய தாளை ஓட்டைத் தகடுகளுக்கு நடுவில் ஆட வைத்தார். குவாட் கம்பெனியின் அந்தப் பலகையில் மனிதக் குரலைக் கேட்டவர்கள் அதை மறக்க மாட்டார்கள். மிருதங்கத்தின் தொப்பியை மட்டும் அது தூரத்திலிருந்து விசாரித்துவிட்டுப் போய்விடும்.

சிநேகிதர் கொண்டுவந்தது எல்எஸ்3/5ஏ. எழுபதுகளில் பி.பி.ஸி. இஞ்சினீயர்கள் தங்கள் ஒலிபரப்பு வண்டிக்குள் வைத்துக்கொள்வதற்காகச் செய்த பெட்டி. ஓர் அடி உயரம். கடையில் இதைப் பார்த்தால் குழந்தையின் சவப்பெட்டி என்று விலகிப் போவீர்கள். ஆனால் இதைச் செய்தவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பி.பி.ஸி.யில் ஸ்பீக்கர்களைப் பரிசோதிப்பதற்கு அவர்கள் அதிகமாக நம்பியது வாத்திய கோஷ்டியை அல்ல, பேச்சை. தெரிந்த மனிதர் ஒருவரைப் பேசச் சொல்லி, அந்தக் குரலையும் ஸ்பீக்கரில் வரும் அதே குரலையும் ஒப்பிட்டார்கள். எத்தனை யோசித்தாலும் இதைவிட நல்ல பரீட்சை எனக்குத் தோன்றவில்லை. வயலின் எந்த மண்டபத்தில் எப்படி ஒலித்தது என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? மனிதன் பேசுவது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும்.

உயிருள்ள குரலோடு பெட்டியை ஒப்பிடுவதிலும் ஏமாற்று நடந்திருக்கிறது. எடிஸன் கம்பெனிக்காரர்கள் 1915 முதல் பல ஊர்களில் மேடை போட்டு, விளக்கை அணைத்து, பாடகியையும் கிராமபோனையும் மாறி மாறிப் பாட வைத்தார்கள். எது யார் என்று சொல்ல முடியாமல் ஜனங்கள் திகைத்தார்கள். அப்படிப் பாடியவர்களில் ஆனா கேஸ் என்ற அம்மாள், தன் குரலை கிராமபோனின் குரலுக்கு ஏற்றபடி அடக்கித்தான் பாடினேன் என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். பெட்டி மனுஷியைப் போலப் பாடவில்லை. மனுஷி பெட்டியைப் போலப் பாடினாள்!

சின்னப் பெட்டியிலும் குறை இல்லாமல் இல்லை. அதன் சாமர்த்தியம் குறைவு. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 83 டெசிபலுக்குள்தான் தரும். 93 டெசிபல் தருகிற ஸ்பீக்கர் ஒரு வாட்டில் செய்வதைச் செய்ய இதற்குப் பத்து வாட் வேண்டும். நாலைந்து வாட் வால்வு ஆம்ப்ளிபயர் வைத்திருப்பவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது. நாகஸ்வரத்தை நாகஸ்வரமாக இதில் கேட்க முடியாது. நூறு அதிர்வுக்குச் சற்று மேலே, கீழ் ஒலி அதிகம் இருப்பதுபோலத் தோன்றுவதற்காக அவர்களே ஒரு சிறு புடைப்பு வைத்திருக்கிறார்கள். ஆக, பி.பி.ஸி.யும் துளி சர்க்கரை சேர்த்ததுதான். ஆனால் குரல் இருக்கும் இடத்தில் கை வைக்கவில்லை. அக்காவின் தம்புராவில் மந்தர ஷட்ஜம் 98 அதிர்வு. அதற்கு இந்தப் பெட்டி போதும்.

கடையில் வாங்கிய ராட்சச ஜோடி அதற்குக் கீழும் போகும், போவதுதான் தொந்தரவு. என் அறை 12 அடிக்கு 10 அடி. மொஸெய்க் தரை, சிமெண்டுச் சுவர். இந்த அளவு அறை 47 அதிர்விலும் 56 அதிர்விலும் தானே பாட ஆரம்பிக்கும். மிருதங்கத்தில் கும்கி விழுந்தால் வித்வான் கையை எடுத்த பிறகும் அறை விடாது. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தேன். புத்தக அலமாரியைப் பின்னால் நகர்த்தினேன். விற்காமல் திரும்பி வந்த என் நாவல் பிரதிகள் எதிரொலியை நன்றாகக் குடிக்கின்றன. ஆயினும் அடங்கவில்லை. நூறு பவுன் நகையைப் பத்து வயசுப் பெண்ணுக்குப் பூட்டின கதைதான். இதை வாங்குமுன் ஒரு வார்த்தை அறையைக் கேட்டிருக்க வேண்டும். கடைகளில் வீட்டுக்குக் கொண்டுபோய் நாலு நாள் வைத்துப் பார்க்கக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால், நீங்கள் நன்றாக அறிந்த ஒருவர் சாதாரணமாகப் பேசின பதிவு ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் மனைவி காய்கறிக் கணக்குச் சொன்னாலும் சரி. அதைப் போடச் சொன்னவுடன் கடைக்காரர் முகம் மாறும். மாறட்டும். ஒலிக் குமிழை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.

மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் சித்திரை மாதம் அதுதான் மிகப் பெரிய தியாகம்.

அக்கா பெண் இரண்டு தடவை வந்து கேட்டாள். முதல் தடவை வந்தபோது கடையில் வாங்கினது மட்டும் இருந்தது. வால்வு சிவந்தது. பெரிய ஸ்பீக்கரில் மோகனம் அறை முழுக்கப் பரவிற்று. "அம்மா எவ்வளவு நன்னாப் பாடியிருக்கா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷந்தான். ஆனால் எங்கோ ஒரு கச்சேரியில் யாரோ நல்ல பாடகி பாடுவதுபோல இருந்தது. அவ்வளவு மார்பு அகன்ற குரல் அக்காவுக்குக் கிடையாது என்று ஏதோ ஒன்று உறுத்திற்று. ஐம்பது வருஷத்து ஞாபகத்தை நம்பி அதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டாவது தடவை சின்னப் பெட்டிகளை வைத்தேன். வால்வையும் எடுத்துவிட்டேன், வித்தியாசம் சொற்பம் என்று தெரிந்தும், அன்றைக்கு அது வேண்டாம் என்று தோன்றிற்று. 1971-ல் அந்த ஜெர்மன் ரிக்கார்டருக்குள்ளேயே வால்வுதான் எரிந்தது; ஒரு தடவை போதும். காந்தாரத்தில் அக்கா நின்றாள். குரல் சின்னதாக, பாயில் உட்கார்ந்திருக்கும் உயரத்தில் இருந்தது. மேல் ஷட்ஜத்துக்குப் போகும் வழியில் தைவதத்தில் ஒரு கணம் தயங்கி, மூச்சு வாங்கி, தொட்டும் தொடாமலும் திரும்பினாள். முதல் தடவை இதை ஒரு நகாசு என்று ரஸித்திருந்தோம். பிடில் அந்த இடத்தை மூடிக்கொடுத்தது. பிறகு, வெகு லேசாக, மூக்கை உறிஞ்சும் சப்தம்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, அன்னிக்கு அம்மாவுக்கு ஜலதோஷமா?"

ஜலதோஷந்தான். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இன்றைக்கு முடியாது, தொண்டை கட்டியிருக்கிறது என்று அக்கா சொன்னாள். ரிக்கார்டரை விடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மிளகு போட்டுப் பால் காய்ச்சிக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அதை அவளுக்குச் சொன்னேன். "இன்னொரு தடவை போடுங்கோ" என்றாள். போட்டேன்.